கடலைத் தாண்டி வந்த பறவையை ஒரு மலை எப்படிப் பிரிக்கும்?

கேள்வி இதுதான்: வெப்பமண்டலத் தீவுகளில் ஒரே தீவுக்குள் வாழும் ஒரே வகைப் பறவைகள்கூட மலைத்தொடர்களால் பிரிந்து மரபணு அளவில் வேறுபட்டுப் போவதாகச் சொல்கிறார்கள். கடல் கடந்து தீவுக்கு வந்து சேர்ந்த பறவைக்கு ஒரு மலை எப்படித் தடையாகும்? அப்படியே தடையானாலும், எல்லாப் பறவைகளும் ஒரே மாதிரி பிரியாதது ஏன்?

மலை எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அந்தப் பறவை எதுவரை ஏறும், எதுவரை இறங்கும் என்று பார்க்க வேண்டும். ஏற மறுக்கும் பறவைக்கு முகடு தடை. இறங்க மறுக்கும் பறவைக்குப் பள்ளத்தாக்கு தடை. இரண்டையும் உண்டாக்குவது ஒரே மலைதான், ஆனால் இரண்டு பறவைகளின் மரபணு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடுகள் வெவ்வேறு இடத்தில் விழுந்திருக்கும்.

முதலில் 'இறக்கை இருக்கிறதே' என்ற சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். 1967இல் டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்கச் சூழலியலாளர், வெப்பமண்டலத்தில் மலைக் கணவாய்கள் 'அதிக உயரமானவை' என்று எழுதினார். மீட்டரில் அளக்கும் உயரத்தை அவர் சொல்லவில்லை. குளிர்நாட்டு உயிர் ஒன்று கோடைச் சூட்டையும் உறைபனியையும் ஒரே வருடத்தில் தாங்கப் பழகியது. கோடையில் மலைமேல் இருக்கும் குளிர், அது அடிவாரத்திலேயே பனிக்காலத்தில் பட்ட குளிர்தான். கணவாயைக் கடப்பது அதற்குப் பெரிய காரியம் இல்லை. வெப்பமண்டலத்தில் மாதத்துக்கு மாதம் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் ஏறக்குறைய 6 டிகிரி குறைகிறது. 2,500 மீட்டரில் இருக்கும் குளிரை அடிவாரத்துப் பறவை தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்திருக்காது. மேலே வாழும் பறவைக்குக் கீழே இருக்கும் வெக்கையும் அப்படித்தான்.

பறவை வெப்ப இரத்த உயிர், சில டிகிரி மாறினால் செத்து விழாது என்பது உண்மை. ஆனால் உயரத்தோடு வெப்பநிலை மட்டும் மாறுவதில்லை. மரங்கள் மாறுகின்றன, பூச்சிகள் மாறுகின்றன, நோய்க் கிருமிகள் மாறுகின்றன, அந்த இடத்தை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் உறவுக்காரப் பறவையும் மாறுகிறது. எல்லாம் சேர்ந்துதான் தடை.

இன்னொன்று, பறக்க முடிவது வேறு, பறந்து போவது வேறு. பனாமாவில் காட்டின் உட்பகுதியில் வாழும் பறவைகளைப் பிடித்து, காட்டுன் என்ற பெரிய ஏரியில் படகில் எடுத்துப் போய், கரையிலிருந்து வெவ்வேறு தூரங்களில் விட்டுப் பார்த்தார்கள். 2008இல் வெளியான ஆய்வு அது. சில இனங்களால் 100 மீட்டர் திறந்த நீரைக்கூடத் தாண்ட முடியவில்லை. அடர்காட்டின் நிழலில் கிளைக்குக் கிளை தாவி வாழும் பறவைக்குத் திறந்தவெளியே ஒரு தடை. தீவுகளில் இது இன்னும் கூடுதலாக நடக்கிறது. கடல் தாண்டி வந்த மூதாதை நன்றாகப் பறக்கக்கூடியதுதான். வந்து சேர்ந்த பிறகு, தீவை விட்டுப் பறந்து போன குஞ்சுகள் பெரும்பாலும் கடலில் தொலைந்தன, தங்கியவைதான் பெருகின. தலைமுறைகள் போகப் போக அந்தக் கால்வழி வீட்டோடு தங்கும் கால்வழியாக மாறிவிடுகிறது. உங்கள் கேள்வியில் இருக்கும் முரண்பாட்டுக்கு இதுதான் பதில்: கடலைத் தாண்டிய பறவையும் இன்று மலையைத் தாண்டாத பறவையும் ஒரே பறவை இல்லை, நடுவில் பல்லாயிரம் தலைமுறைகள் இருக்கின்றன.

மரபணு வேறுபாடு எப்படிச் சேர்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கூட்டங்களுக்கு இடையே போக்குவரத்தும் கலப்பும் இருக்கும்வரை மரபணுக்கள் இரு பக்கமும் ஓடி வேறுபாட்டைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டம் குறைந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தற்செயலாகச் சில மரபணு வடிவங்கள் பெருகும், சில அழியும். கூட்டம் சிறியதாக இருந்தால் இந்தத் தற்செயல் வேகமாக வேலை செய்யும். அதற்கு மேல், இரு பக்கச் சூழலும் வேறாக இருந்தால் இயற்கைத் தேர்வும் சேர்ந்துகொள்ளும். பறவைகளின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் பிரிந்துபோன இரண்டு கால்வழிகள் பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு விலகும் என்பது தோராயமான கணக்கு. ஆனால் அது தாய்வழியாக மட்டும் வரும் ஒரு சிறு துண்டு. முழு மரபணுத் தொகுதியையும் படிக்க முடிகிற இந்தக் காலத்தில், மைட்டோகாண்ட்ரியா ஒரு கதை சொல்ல மற்ற மரபணுக்கள் வேறு கதை சொல்வதும் உண்டு. பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது.

சரி, இப்போது ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் நியூ கினித் தீவுக்கு வருவோம். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த தீவு இல்லை என்பது என் எண்ணம். தீவின் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரிய மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சியான புஞ்சாக் ஜயா 4,884 மீட்டர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே பனிக்கட்டி இருக்கும் அளவுக்கு உயரம். இந்த நடுத்தொடருக்கு வெளியே, தாழ்நிலக் காடுகளால் துண்டிக்கப்பட்டுத் தனித்தனி மலைகளும் நிற்கின்றன: மேற்குக் கோடியில் ஆர்ஃபாக், வடக்கே ஃபோஜா, சைக்ளாப்ஸ், கிழக்கே அடெல்பர்ட், ஹூவான்.

தாழ்நிலப் பறவைகளுக்கு நடுத்தொடர் ஒரு நீண்ட சுவர். பறக்க முடியாத பெரிய பறவையான கேசோவரியை எடுத்துக்கொள்ளுங்கள்: தெற்குச் சமவெளியில் தெற்குக் கேசோவரி. வடக்கே வடக்குக் கேசோவரி. தலையில் விசிறி போன்ற கொண்டை வைத்திருக்கும் பெரிய தரைப்புறாக்களில், விக்டோரியா கொண்டைப்புறா வடக்குச் சமவெளிக்கு உரியது, தெற்கில் அதன் உறவினங்கள் வாழ்கின்றன. சொர்க்கப் பறவைகளிலும் இதே கோடு தெரியும்: சிறிய சொர்க்கப் பறவை வடக்கிலும் மேற்கிலும், பெரிய சொர்க்கப் பறவை தென்மேற்கில், ராகியானா தெற்கிலும் கிழக்கிலும். மலை முடியும் இடத்தில், அல்லது தாழ்வான பள்ளத்தாக்கு வழி கொடுக்கும் இடத்தில், இவை சந்தித்துக் கலப்பினக் குஞ்சுகளையும் பெறுகின்றன. ராமு ஆற்றின் மேல்பகுதியில் சிறிய சொர்க்கப் பறவையும் ராகியானாவும் கலந்த பறவைகள் இருக்கின்றன. சுவர் இருக்கும்வரை பிரிவு, சுவர் தாழும் இடத்தில் கலப்பு. இதைவிடத் தெளிவாக மலையின் பங்கைக் காட்டும் சான்று கிடைப்பது கடினம்.

இதே தாழ்நிலத்தில் எதிர் உதாரணமும் உண்டு. நீண்ட வாலுள்ள சொர்க்க மீன்கொத்தி நியூ கினியின் தாழ்நிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. அந்தப் பெரிய நிலப்பரப்பில் இடத்துக்கு இடம் அதன் தோற்றத்தில் வேறுபாடு மிகக் கொஞ்சம். ஆனால் கரைக்கு அப்பால் இருக்கும் பியாக், நும்ஃபோர் போன்ற தீவுகளில் ஒவ்வொன்றிலும் தனி இனமே இருக்கிறது. 1928இலிருந்து 1930 வரை நியூ கினியிலும் சாலமன் தீவுகளிலும் பறவைகளைச் சேகரித்து ஆராய்ந்த எர்ன்ஸ்ட் மாயர், இனங்கள் எப்படி உருவாகின்றன என்று விளக்க இந்த மீன்கொத்தியைத்தான் கையில் எடுத்தார். மலைத்தொடரின் நுனிகளைச் சுற்றிக்கொண்டு ஒரு பறவை போக முடிந்தால் மலை அதற்கு முழுச் சுவர் ஆகாது என்பதையும் இது காட்டுகிறது.

இனி மேலே ஏறுவோம். மலைப் பறவைகளுக்கு இதே நிலப்படம் தலைகீழாகிவிடுகிறது. தாழ்நிலக் காடு அவற்றுக்குக் கடல், உயர்ந்த மலைகள் தீவுகள். பரோட்டியா என்ற சொர்க்கப் பறவைக் குழுவைப் பாருங்கள். ஆண் பறவை தலையில் கம்பி போன்ற ஆறு இறகுகளை ஆட்டிக்கொண்டு காட்டுத் தரையில் நடனமாடும். ஆர்ஃபாக் பக்கத்தில் மேற்குப் பரோட்டியா, ஃபோஜாவில் வெண்கலப் பரோட்டியா, நடுத்தொடரில் கரோலா, அதற்குக் கிழக்கே லாஸ், ஹூவானிலும் அடெல்பர்ட்டிலும் வானெஸ். ஒவ்வொரு மலைக்கும் ஒன்று என்று பங்கு போட்டு வைத்தது போல. நீண்ட வாலுள்ள அஸ்ட்ராப்பியா குழுவிலும் இப்படித்தான்: ஆர்ஃபாக்குக்கு ஒன்று, ஹூவானுக்கு ஒன்று, நடுத்தொடரில் வரிசையாக மூன்று. அந்த மூன்றில் இரண்டு, நாடாவால் அஸ்ட்ராப்பியாவும் ஸ்டெஃபனி அஸ்ட்ராப்பியாவும், சந்திக்கும் இடத்தில் முன்னது மேலேயும் பின்னது கீழேயும் வாழ்கின்றன, கலக்கவும் செய்கின்றன. நடுவில் பள்ளம் இல்லாத இடத்தில் பிரிவும் முழுமையடையவில்லை.

ஃபோஜா மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொன்நெற்றிக் குடில் பறவை என்ற ஒன்று 1895இல் விவரிக்கப்பட்டது, அதுவும் வணிகத்தில் கிடைத்த பதப்படுத்திய தோல்களை வைத்து. அது எங்கே வாழ்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் தேடியும் கிடைக்காமல், 1979இல் ஜாரெட் டயமண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஃபோஜா மலையில் அதைக் கண்டுபிடித்தார். அந்த ஒரு மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. 2005இல் புரூஸ் பீலர் தலைமையிலான குழு அங்கே போனபோது, முகத்தில் ஆரஞ்சு நிறத் தோல் தொங்கும் புதிய தேனுண்ணி இனம் ஒன்றும் கிடைத்தது. நடுத்தொடரிலிருந்து ஃபோஜாவைப் பிரிப்பது கடல் இல்லை. மாம்பெராமோ ஆற்றுப் படுகையின் சூடான, தட்டையான காடு. நமக்கு அது எங்கு பார்த்தாலும் பச்சையாகத் தெரியும். மலைப் பறவைக்கு அதில் வாழ இடமில்லை.

இதெல்லாம் இறகையும் வாலையும் பார்த்துச் சொல்லும் சான்று. சொர்க்கப் பறவைகளில் பெண் பறவையின் தேர்வு ஆணின் தோற்றத்தை வேகமாக மாற்றிவிடும் என்பதால், தோற்றத்தை மட்டும் நம்பினால் பிரிவு உண்மையை விட ஆழமாகத் தெரியக்கூடும். மரபணுவை நேரடியாகக் கேட்ட ஆய்வு ஒன்று 2022இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் புரு, செராம் என்ற இரண்டு தீவுகளிலிருந்தும் நியூ கினியின் வெவ்வேறு மலைகளிலிருந்தும் 18 பறவை இனங்களை எடுத்து, ஒவ்வோர் இனத்திலும் இரண்டிரண்டு கூட்டங்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டார்கள். கிடைத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கூட்டங்களுக்கு இடையிலான தடை வலுவாக இருந்தால் வேறுபாடு அதிகம், அது எதிர்பார்த்ததுதான். அதோடு, அந்த இனம் இறங்கும் மிகத் தாழ்ந்த உயரம், அதாவது அதன் 'தரை', எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு வேறுபாடும் கூடுகிறது. 300 மீட்டர் வரை இறங்கி வரும் பறவைக்கு இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி குறுகியது. 2,000 மீட்டருக்குக் கீழே வராத பறவைக்கு அதே இடைவெளி பல மடங்கு அகலம். ஒரே மலை, ஒரே பள்ளம், ஆனாலும் எல்லாப் பறவைகளும் ஒரே மாதிரி பிரியாதது ஏன் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் இதில் இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மிக உயரத்தில் வாழ்ந்து, மிக அதிகமாக வேறுபட்டுப் போன இணைகளில்கூட, வரலாற்றில் மரபணு ஓட்டம் முழுதாக நின்றுவிடவில்லை. எப்போதோ சில பறவைகள் தாண்டியிருக்கின்றன. தனிமை என்று சொல்லும்போது பூட்டிய அறையை நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் அது அரிதாகத் திறக்கும் கதவு.

அந்தக் கதவு எப்போது திறந்தது? இங்கேதான் பனியுகங்கள் வருகின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விடச் சுமார் 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. போர்னியோ, சுமத்ரா, ஜாவா எல்லாம் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தன. நியூ கினி ஆஸ்திரேலியாவோடு. கூடவே குளிர் அதிகமானதால் மலைக்காட்டின் எல்லைகள் கீழே இறங்கின. இன்று 1,500 மீட்டருக்கு மேல் மட்டும் இருக்கும் காடு அப்போது கணிசமாகக் கீழே வரை பரவியிருந்தது. மலைப் பறவைகளின் தீவுகள் பெரிதாகி, சில இடங்களில் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டன. வெப்பம் திரும்பியபோது காடு மேலேறியது, கூட்டங்கள் மறுபடி துண்டாயின. கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. தாழ்நிலப் பறவைகளுக்கு இதே சுழற்சி வேறு விதமாக வேலை செய்தது: குளிர்காலகட்டத்தில் கணவாய்கள் இன்னும் குளிர்ந்து சுவர் உயர்ந்தது, கடல் பின்வாங்கியதால் கரையோரச் சமவெளி அகன்று சுற்றுவழி திறந்தது.

இதுவரை சொன்னது பக்கவாட்டுப் பிரிவு, மலைக்கு மலை. மேல்-கீழ்ப் பிரிவும் உண்டு. வெப்பமண்டல மலைகளில் ஏறும்போது நெருங்கிய உறவினங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கீழே ஓர் இனம், ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அது நின்று மற்றது தொடங்கும். நியூ கினியில் மஞ்சள்அலகு மீன்கொத்தி கீழ்க்காட்டிலும் மலை மீன்கொத்தி மேலேயும் வாழ்கின்றன. பார்வைக்கு மிகவும் ஒத்தவை. 2020இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இவை தனி இனங்களாகவே இருந்துகொண்டு, வரலாற்றில் மரபணுக்களையும் பரிமாறியிருக்கின்றன என்று காட்டியது. அப்படியானால் சரிவின் குறுக்கே, நடுவில் எந்தப் பள்ளமும் இல்லாமலே, ஓர் இனம் இரண்டாகப் பிரியுமா?

இதில் அவசரப்படக் கூடாது என்று நினைக்கிறேன். பல இடங்களில் நடந்தது வேறு வரிசை: இரண்டு கூட்டங்கள் வெவ்வேறு மலையிலோ வெவ்வேறு தீவிலோ தனித்தனியாகப் பிரிந்தன, பிறகு ஒன்று மற்றதன் இடத்துக்கு வந்து சேர்ந்தது, போட்டியில் ஒன்று மேலே தள்ளப்பட்டது. இன்று நாம் பார்க்கும் அடுக்கு, பிரிவுக்குக் காரணம் ஆகாது. பிரிவுக்குப் பிறகு வந்த ஏற்பாடு. சாலமன் தீவுகளின் கொலம்பங்காரா இதற்கு நல்ல இடம். கூம்பு வடிவ எரிமலைத் தீவு, உயரம் சுமார் 1,770 மீட்டர். அங்கே இரண்டு வெள்ளைக்கண்ணி இனங்கள்: ஒன்று கீழ்க்காட்டில், மற்றொன்று மேலே. உச்சியில் மட்டும் வாழும் ஓர் இலைக்கதிர்க்குருவியும் உண்டு. தீவு இவ்வளவு சின்னது என்னும்போது, ஒரே மூதாதை அங்கேயே இரண்டாகப் பிரிந்தது என்பதை விட, இரண்டு முறை கடல் தாண்டி வெவ்வேறு காலத்தில் வந்தன என்ற விளக்கம்தான் பொருந்துகிறது.

அப்படிப் பார்த்தால் சின்னத் தீவில் உள்ளுக்குள்ளேயே பிரிவு நடக்கவே முடியாது என்று தோன்றும். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கும் ஒரு பறவை இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் இருக்கிறது. தீவின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். நடுவில் பித்தோன் தெ நேஜ் என்ற எரிமலை 3,070 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அங்குள்ள சாம்பல் வெள்ளைக்கண்ணி பத்து கிராம்கூடத் தேறாத குருவி. அதற்கு நிறத்தில் வேறுபட்ட நான்கு புவியியல் வடிவங்கள் இருக்கின்றன. மூன்று வடிவங்கள் தாழ்நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எல்லைகள் ஆறுகளிலும் எரிமலைக் குழம்பு ஓடிய வெளியிலும் விழுகின்றன. நான்காவது வடிவம் மேலே, சுமார் 1,400 மீட்டருக்கு மேல். அதற்குள்ளேயே சாம்பல் நிறப் பறவையும் பழுப்பு நிறப் பறவையும் சேர்ந்து வாழ்கின்றன. ஒரு மணி நேரத்தில் பறந்து கடக்கக்கூடிய தூரத்துக்குள் இவ்வளவும்.

மரபணுத் தொகுதியைப் படித்தபோது கிடைத்தது இன்னும் சுவையானது. தொகுதியின் பெரும்பகுதியில் இந்த வடிவங்களுக்கு இடையே வேறுபாடு மிகக் குறைவு. தாழ்நில வடிவங்களைப் பிரிக்கும் வேறுபாடு பெரும்பாலும் இசட் என்ற பாலினக் குரோமோசோமில் குவிந்திருந்தது. உயரத்தோடு தொடர்புள்ள வேறுபாடு மற்ற குரோமோசோம்களிலும் தெரிந்தது. மலை மேலே குளிர், ஈரம், வேறு உணவு. இவற்றுக்கு ஈடுகொடுக்கும் மரபணுக்கள் ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஆக, ஒரே தீவில் ஆறு போட்ட கோடும் மலை போட்ட கோடும் ஒரே பறவையின் மரபணுத் தொகுதியில் வெவ்வேறு பக்கங்களில் பதிவாகியிருக்கின்றன. இது இன்னும் தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிடவில்லை. பிரியும் என்று உறுதியும் இல்லை. ஆனால் உயரம் மட்டுமே கூட மரபணு ஓட்டத்தை ஓரளவு தடுக்கும் என்பதற்கு இவ்வளவு சின்ன அளவில் கிடைத்த சான்று அரிது.

ஹவாயில் இதே உயரக் கோட்டை மனிதர்கள் கொண்டுவந்த ஒரு கொசு வரைந்தது. 1826 வாக்கில் அங்கே கொசு வந்து சேர்ந்தது. பிறகு பறவை மலேரியாவும். குளிர்ந்த உயரத்தில், ஏறக்குறைய 1,500 மீட்டருக்கு மேல், கிருமி சரியாக வளர முடியாது. அதனால் ஹனிகிரீப்பர் என்ற பூர்வீகப் பறவைகள் பல, கீழே அழிந்து மேலே மட்டும் தங்கின. அமாக்கிஹி என்ற ஓர் இனம் மட்டும் ஹவாய்ப் பெருந்தீவின் தாழ்நிலத்தில் சில இடங்களில் மலேரியாவோடே வாழப் பழகிப் பெருகியது. கீழ்ப்பறவைகளையும் மேல்பறவைகளையும் ஒப்பிட்டபோது மரபணு வேறுபாடு இருந்தது. தாழ்நிலப் பறவைகள் மேலிருந்து புதிதாக இறங்கி வந்தவை போலத் தெரியவில்லை. கீழேயே தப்பிப் பிழைத்தவற்றின் வழிவந்தவை என்றுதான் தெரிகிறது. சில பத்தாண்டுகள், அதிகம் போனால் ஒரு நூற்றாண்டு கணக்கில் நடந்த தேர்வு இது. மலைச்சரிவு பிரிவை உண்டாக்க எப்போதும் லட்சக்கணக்கான ஆண்டுகள் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மரபணுக் கோடு மலையோடு பொருந்துகிறது என்பதற்காக மலைதான் அதைப் போட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கரீபியனில் ஹிஸ்பானியோலா தீவைப் பாருங்கள். ஹெய்ட்டியும் டொமினிகன் குடியரசும் பங்கிட்டுக்கொண்ட தீவு. கரீபியனிலேயே உயர்ந்த சிகரமான பிகோ துவார்த்தே அங்கேதான் இருக்கிறது. அங்கு காட்டுப் புதருக்குள் மறைந்து வாழும் கலிப்டோஃபிலஸ் என்ற பறவையில் இரண்டு இனங்கள்: தெற்கு மலைகளில் ஒன்று, நடு மலைத்தொடரிலும் நெய்பா மலையிலும் மற்றொன்று. நடுவே ஒரு நீண்ட தாழ்வான பள்ளம். அதில் இருக்கும் என்ரிகீயோ ஏரி கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. ஏரியைச் சுற்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே பழைய பவளப் பாறைகள் காய்ந்து நிற்கின்றன. அதாவது அண்மைக் காலம் வரை அங்கே கடல் நுழைந்திருந்தது. இன்னும் பின்னே போனால், இன்றைய ஒரே தீவு அன்று இரண்டு தனித் தீவுகள். இந்த மலைப் பறவைகளின் பிரிவில் பள்ளத்தின் வெக்கைக்கு எவ்வளவு பங்கு, பழைய கடலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பதற்கு, அதே தீவில் தாழ்நிலத்திலும் வாழும் பறவைகளையும் சேர்த்து ஆராய வேண்டியிருக்கிறது. சாம்பல்தலைப் பனை டானேஜர் தென்மேற்குத் தீபகற்பத்தில் மட்டும் வாழ்வதும், அதன் கருந்தலை உறவினம் தீவின் மற்றப் பகுதியில் வாழ்வதும், அந்தப் பழைய பிரிவு தாழ்நிலப் பறவைகளையும் தொட்டது என்பதற்கான குறிப்பு. வேறு சில இனங்களிலோ எந்தக் கோடும் இல்லை.

அப்புறம், மலையில் இருக்கும் பறவை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. பழைய ஒரு கருத்துப்படி, புதிதாக வரும் இனம் கரையோரத்தில் தொடங்கும். காலப்போக்கில் அடுத்து வருபவற்றால் உள்ளே, மேலே தள்ளப்படும். கடைசியில் மலையுச்சியில் சிறு கூட்டமாக நிற்கும். பல குழுக்களுக்கு இது பொருந்துகிறது. ஆனால் தீவுப் பூங்குருவி இதற்கு அடங்கவில்லை. சுமத்ரா, தைவான் தொடங்கி ஃபிஜி, சமோவா வரை ஏறக்குறைய 50 துணை இனங்களாக இதைப் பகுத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் வேறு நிறம். மேற்குத் தீவுகளில் பெரும்பாலும் மலையுச்சியில் மட்டும்; போட்டி குறைந்த தொலைதூரத் தீவுகளில் கடற்கரை வரை இறங்கிவிடும். இது குளிர்நாட்டு வழிவந்த பறவை. குளிருக்கு ஏற்கெனவே பழகியிருந்ததால் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவிப் போயிருக்கிறது. இத்தனை நிற வேறுபாடு இருந்தும் மரபணுக் கணக்கில் எல்லாம் இளையவை. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடும் மரபணுவின் வயதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகலாம் என்பதற்கு இந்த ஒரு பறவை போதும்.

கடைசியாக, இது பழங்காலத்துக் கதை மட்டும் இல்லை. டயமண்ட் 1960களில் நியூ கினியின் கரிமுய் மலையிலும் கர்கர் தீவிலும் எந்தப் பறவை எந்த உயரத்தில் வாழ்கிறது என்று பதிவு செய்திருந்தார். 2014இல் வெளியான ஆய்வுக்காக அதே சரிவுகளில் மீண்டும் ஏறிப் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வெப்பநிலை அரை டிகிரிகூட உயரவில்லை. ஆனாலும் பறவைகளின் மேல் எல்லை இரண்டு இடங்களிலும் சராசரியாக 100 மீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. கீழ் எல்லையும் ஏறக்குறைய அந்த அளவுக்கே. மேலே சொன்ன 'தரை'யை இத்தோடு சேர்த்துப் பார்த்தால் விளைவு புரியும். மலைப் பறவையின் தரை உயர உயர இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அகலமாகிறது, உச்சியில் இருக்கும் இடமோ சுருங்குகிறது. அரிதாக நடந்த போக்குவரத்து இன்னும் அரிதாகும், சிறுத்த கூட்டத்தில் மரபணு வகைகள் வேகமாகக் குறையும். அதே வேளையில் தாழ்நிலப் பறவைகளின் 'கூரை', அதாவது அவை ஏறும் மேல் எல்லை, உயர்வதால், இதுவரை அவை கடக்காத தாழ்வான கணவாய்கள் சில அவற்றுக்குத் திறக்கக்கூடும். வடக்கும் தெற்கும் தனித்தனியாக இருந்த கூட்டங்கள் கலக்கக்கூடும். இரண்டையும் கவனிக்கக் கணவாய்களின் இரு பக்கத்திலிருந்தும் இப்போதே இரத்த மாதிரிகளை எடுத்து வைக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் நூறாண்டுக்கு முன் சேகரித்த பறவைத் தோல்களின் கால்விரல் துணுக்கிலிருந்தே இன்று டிஎன்ஏ எடுக்க முடிகிறது என்பதால், அன்றைய நிலையோடு ஒப்பிடவும் வழி இருக்கிறது.